றெஜினாவுக்குப் பேச்சு வந்த நாள்

1

போன கிழமை மன்னார்ப் பக்கம் எங்கள் ஊர் பேசாலையிலிருந்து ஒரு சம்மாட்டியார் தொலைபேசி எடுத்தார். சொந்தமாகப் படகுகள் வைத்திருப்பவர். அவருடைய படகில் நான் சிறு வயதில் வலை இழுத்திருக்கிறேன். முழங்கால் தேய்ந்துவிட்டதாம், சென்னைக்கு வந்து மாற்றிக்கொள்ள வேண்டுமாம்.

“தம்பி அந்தோனி, நீர் அங்கை கனகாலம் இருக்கிறீர். எது திறம், கவுண்மேந்தோ பிரைவேற்றோ?”

நான் பதில் சொல்வதற்கு முன்பே அவரே தொடர்ந்தார்: “நீங்கள் குடுத்து வைச்ச சனம். உலகத்திலை இருக்கிறவனெல்லாம் வைத்தியத்துக்கு மெட்ராசுக்கு ஓடி வாறான். நீங்கள் வாசல்லையே குடியிருக்கிறியள்.”

வாசலில் குடியிருப்பது உண்மை. உள்ளே போவது வேறு காரியம். அதைத் தொலைபேசியில் சொன்னால் அவருக்கு விளங்காது. இதே கேள்வியை ஊரிலிருந்து கேட்கிற ஆறாவது, ஏழாவது ஆள் அவர். ஒவ்வொருவருக்காகச் சொல்லி அலுத்துவிட்டது. எழுதிவிடுகிறேன், வாசித்துக்கொள்ளுங்கள்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஓரிடத்தில் தரித்திருக்கத் தெரியாதவன். கடல், பிறகு தோகாவில் சாரம் கட்டுகிற வேலை, சலாலாவில் ஒரு பண்ணை, மாலைதீவில் உல்லாசப் படகின் குசினியில் சமையல். கடைசியில் வேளாங்கண்ணிக்கு என்று விசா எடுத்து, மனைவியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு வந்தவன் திரும்பிப் போகவில்லை. இப்போது பம்மலில், தோல் கையுறை தைக்கிற ஒரு சின்னப் பட்டறையில் தோல் வெட்டுகிறேன். முகாமில் பதிந்த அகதியும் இல்லை, இந்தியனும் இல்லை. விசாவை நீடிக்கக் கொடுப்பதும் பதிலுக்குக் காத்திருப்பதுமாக வருடங்கள் போகின்றன. பதில் வருகிற வரைக்கும் நாங்கள் இங்கே இருப்பது சரியா பிழையா என்று எங்களுக்கே தெரியாது. நான் சொல்லப்போகிற காரியம் அப்படிக் காத்திருந்த ஒரு காலத்தில் நடந்தது.

2

மனைவி றெஜினாவுக்கு மாதக்கணக்கில் உதிரப்போக்கு இருந்திருக்கிறது. எனக்குச் சொல்லவில்லை. சொன்னால் ஆஸ்பத்திரி என்பேன், ஆஸ்பத்திரி என்றால் கடவுச்சீட்டு. பம்மலிலிருந்து பல்லாவரம் போகிற ஷேர் ஆட்டோவில் மயங்கி, முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் மடியில் விழுந்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. எங்கள் தெருவில் கிளினிக் வைத்திருக்கிற டாக்டர் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். கர்ப்பப்பையில் கட்டி, எடுத்துவிட வேண்டும், உடம்பில் ரத்தமே இல்லை, தாமதிக்காதீர்கள் என்றார்.

முதலில் தனியாருக்குத்தான் போனோம். ஜி.எஸ்.டி. சாலையில், முகப்பெல்லாம் கண்ணாடி. கடவுச்சீட்டைக் கண்டதும் எங்களை வரிசையிலிருந்து எடுத்து, வெளிநாட்டு நோயாளிகளுக்கென்று இருந்த தனி மேசையில் உட்காரவைத்தார்கள். கோப்பி வந்தது. கழுத்தில் துணி முடிச்சுப் போட்ட ஒரு பெண் பிள்ளை சிரித்துக்கொண்டே கேட்டாள்.

“வெல்கம் சார். ஃப்ளைட் எப்ப லேண்ட் ஆச்சு?”

“நாங்கள் பம்மலிலை இருந்து வாறம்.”

“ஓகே சார். பம்மல்ல எந்த ஹோட்டல்?”

“வீடு பிள்ளை. பஸ்ஸிலை வந்தனாங்கள்.”

அவளுடைய கணினியில் அதற்கு ஓர் இடம் இல்லைபோலும். கொஞ்ச நேரம் தட்டிப் பார்த்துவிட்டு, “ஹோட்டல்னே போட்டுக்கறேன் சார்” என்றாள். தொகை சொன்னாள். உள்ளூர்க்காரருக்கு ஒன்று, வெளிநாட்டவருக்கு ஒன்று. எங்களுடைய தொகைக்குள் விமான நிலையத்துக்கு வந்து கூட்டிப்போவதும் அடங்கும், வேண்டாம் என்றாலும் குறையாது. கடைசியாக, விசாவும் பதிவும் இன்றைய தேதிக்குச் செல்லுபடியாக இருக்க வேண்டும் என்றாள். நீடிப்புக்குக் கொடுத்திருக்கிறோம் என்றேன். “அது வந்ததும் வாங்க சார், உடனே அட்மிஷன் போட்டுடலாம்” என்று எழுந்து கைகூப்பினாள். அவளில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். றெஜினா கோப்பியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தாள். வீணாகப் போகக் கூடாதாம்.

3

எங்கள் வீட்டுக்காரி ஸ்டெல்லா டீச்சர். பாளையங்கோட்டைப் பக்கத்துக் குடும்பம், இங்கே பள்ளிக்கூட வேலைக்கு வந்து வீடு கட்டி மேலே தான் இருந்துகொண்டு கீழே எங்களை வைத்திருக்கிறார். ஞாயிறு பூசைக்கு ஒன்றாகப் போவோம். நல்ல மனுஷி.

“பிரதர், ஜி.எச்.சுக்கே போயிருக்கலாம். டாக்டருங்க கைராசிக்காரங்க. ஆனா ஆதார் கேப்பாங்க, அதான் யோசனையா இருக்கு” என்றார்.

ஆதார் என்பது இங்கே எல்லோரிடமும் இருக்கிற அடையாள அட்டை. எங்களிடம் இல்லாதது.

எங்களைப் போலக் காத்திருக்கிற இன்னொரு குடும்பத்துக்காரர், யாரையோ ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்தே பொலிஸ் விசாரிக்கக் கொண்டுபோனதாக முன்பு சொல்லியிருந்தார். யாரை, எந்த ஆஸ்பத்திரியில் என்று கேட்டால் அவருக்கும் தெரியாது. அவருக்கு வேறொருவர் சொன்னதாம். இப்படிப்பட்ட கதைகளுக்கு ஆளும் ஊரும் தேவையில்லை. எங்களைப் போன்றவர்களின் வீட்டுக்குள் அவை தாமாகவே வந்து குந்திக்கொள்ளும்.

மகள் டிலானி பேச்சில் குறுக்கிட்டாள். அப்போது அவள் பிளஸ் டூ.

“நாகர்கோவில்னு சொல்லிக்கலாம். நா பேசிக்கிறேன். அம்மா மட்டும் வாயத் தொறக்கக் கூடாது. நீயுந்தாம்ப்பா.”

நாகர்கோவில் எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கிறது. ஒருமுறை பள்ளிக்கூட வாசலில் அவளுடைய சிநேகிதியின் தாய், “நாகர்கோவில்ல பயங்கர மழையாமே, உங்க வீட்டாளுங்கல்லாம் சேஃபா?” என்று என்னிடம் கேட்டார். தலையை ஆட்டிவிட்டு வந்தேன். எங்கள் பேச்சின் இழுவைக்கு ஒரு காரணம் தேவைப்பட்டிருக்கிறது. ஆறாம் வகுப்பிலேயே மகள் எங்களை அந்த ஊருக்குக் குடிமாற்றியிருக்கிறாள். அவளுக்கு அந்தத் தொல்லை இல்லை. வகுப்பறைக்கு ஒரு தமிழ், தெருவுக்கு ஒரு தமிழ் என்று வைத்திருந்தாள். வீட்டில் எங்களோடு பேசுகிற தமிழை எப்போது கைவிட்டாள் என்று எங்களுக்கே தெரியவில்லை.

றெஜினா ஊமையைப்போல இருப்பது என்பதை நினைத்துப் பாருங்கள். பேசாலையில் மீனை ஏலம் கூறுகிற இடத்தில் ஆம்பிளைகளின் குரலுக்கு மேலால் விலை கேட்டவள். டிலானி பிறந்தபோது மன்னார்ப் பெரியாஸ்பத்திரியில் இடமில்லை, இரண்டு பேருக்கு ஒரு கட்டில். பக்கத்தில் கிடந்தவளைப் புரண்டு படுக்கச் சொல்லிச் சண்டை, தாதியோடு சண்டை, தேத்தண்ணி ஆறிப்போனதற்குச் சண்டை. வெளியே மதிலோரம் நின்ற எனக்கு அந்தச் சத்தமெல்லாம் கேட்டது. ஆள் உயிரோடு இருக்கிறாள் என்று நிம்மதியாகப் பீடி பற்றவைத்தேன். அங்கே மருந்து இல்லாத நாட்களும் உண்டு, டாக்டர் இல்லாத நாட்களும் உண்டு. அந்த ஆஸ்பத்திரியைப் புகழ இதை எழுதவில்லை. அங்கே அவள் கத்தினாள், அவ்வளவுதான்.

4

அரசு ஆஸ்பத்திரியில் விடிய முதலே வரிசை. ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் நிமிரவில்லை. மகள்தான் பதில் சொன்னாள்.

“பேரு?”

“ரெஜினா.”

“ஊரு?”

“பம்மல் சார். சொந்த ஊரு நாகர்கோவில்.”

“ஆதார்?”

“வூட்ல கீது சார். நாளிக்கி எத்துனு வரோம்.”

சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். அடுத்த ஆள் முன்னே வந்துவிட்டார். அதன் பிறகு அந்த அட்டையை ஒருவரும் கேட்கவே இல்லை. ஆனால் கேட்பார்கள், நாளைக்குக் கேட்பார்கள் என்று ஒவ்வொரு நாளும் பயந்துகொண்டிருந்தோம்.

பெண்கள் வார்டுக்குள் ஆண்கள் நிற்க முடியாது. நோயாளிக்குத் துணையாக ஒரு பெண் மட்டும் இருக்கலாம். ஆண்களுக்குப் பின்னேரம் பார்வையாளர் நேரம் மட்டும். நல்ல சட்டம்தான். ஆனால் எங்கள் வீட்டில் வேறு பெண் யார்? பள்ளிக்கூடப் பிள்ளை தாய்க்குத் துணையானாள். நான் கீழே, இரும்புக் கேட்டுக்குப் பக்கத்தில், மற்றப் புருஷன்மாரோடு துவாயை விரித்துக் கிடந்தேன்.

இரண்டாம் நாள் மகள் படியிறங்கி வந்தாள். முகம் சரியில்லை.

“டாக்டர் என்னக் கேக்காம அம்மாவையே கேக்குறாங்கப்பா, எவ்ளோ நாளா ப்ளீடிங்னு. அம்மா என்னப் பாக்குறாங்க. நா இன்னா பண்றது? பேச வராதுன்னு சொல்லிட்டேன்.”

“என்னெண்டு?”

“வாய் பேச வராது, காது மட்டும் கேக்கும்னு. பொறவியிலேர்ந்தான்னாங்க. ஆமான்னுட்டேன்.” என் முகத்தைப் பார்த்துவிட்டு அவளுக்குக் கோபம் வந்தது. “வேற இன்னாப்பா சொல்றது? ‘ஆமா’ங்கிறதுக்கு அவங்க ஒரு ‘ஓம்’ சொன்னாப் போதும், எல்லாம் முடிஞ்சிது.”

அன்றிலிருந்து றெஜினா வார்டில் ஊமையம்மா. இரங்கிய பெண்கள் ஆரஞ்சு கொடுத்தார்கள், பிஸ்கட் கொடுத்தார்கள். பக்கத்துக் கட்டிலில் தங்கைக்குத் துணையாக இருந்தவர் லில்லி, பொத்தேரியில் மாணவர் விடுதியில் சமைக்கிறவர். எங்கள் கெட்ட நேரம், அவர் உண்மையிலேயே நாகர்கோவில் பக்கத்துக்காரி.

“நாரோல்ல எங்க மக்ளே? நான் மார்த்தாண்டமாக்கும்.”

“டவுன்லதான் ஆன்ட்டி.”

“டவுன்ல எங்க? கோட்டாறா, வடசேரியா?”

“வடசேரி.”

“வடசேரில எந்தத் தெரு?”

மகள் அவசரமாகக் கழிப்பறைக்குப் போய்விட்டாளாம். லில்லி விட்டுவிடவில்லை, ஆனால் வேறு பக்கம் போனார். “சின்ன வயசு, நல்ல முகம், பேச்சில்லாமப் போச்சே. அம்மைக்குப் பேச்சு வரணும்னு மாதாவுக்கு நேந்திருக்கேன் கேட்டியா. வந்தா மெழுகுதிரி ஏத்துவேன்” என்று எல்லோரும் கேட்கச் சொன்னார். றெஜினா அவருடைய கையைப் பிடித்து முத்தினாள். வேறென்ன செய்வாள்?

ரத்தம் ஏற்றினார்கள். நானும் கொடுத்தேன். பிறகு ஆபரேஷன் நடந்தது. எல்லாம் நன்றாக முடிந்தது என்றார்கள். ஒரு சதமும் வாங்கவில்லை. இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

5

ஆபரேஷனுக்கு மறுநாள் டிலானிக்கு அரசுத் தேர்வின் செய்முறைச் சோதனை. தவறினால் திரும்ப வைக்க மாட்டார்கள். ஸ்டெல்லா டீச்சர் துணைக்கு வருவதாக இருந்தது, ஆனால் அவருக்கும் பள்ளிக்கூடத்தில் அதே சோதனை வேலை. மத்தியானம் தாண்டித்தான் வருவார். இடையில் யாருமில்லை. நான் கேட்டுக்காரரைக் கெஞ்சிப் பார்த்தேன்.

“லேடீஸ் வார்டுண்ணா. உள்ள வுட்டா என் வேல போயிடும். விசிட்டர் டைம்ல வா.”

மேலே வார்டில் நடந்ததை றெஜினா பிறகு சொன்னாள். முதலில் குளிர்ந்தது. வயிறு கல்லுப்போல ஆகிக்கொண்டு வந்தது. சீலை நனைகிற மாதிரி இருந்தது. அவ்வழியாக வந்த தாதியின் கையைப் பிடித்து வயிற்றைக் காட்டினாள். “ஆபரேஷன் பண்ணா வலிக்கத்தாம்மா செய்யும். ஊசி போட்டிருக்கு, தூங்குங்க” என்று தாதி போய்விட்டார். இன்னொரு முறை சீலையைக் காட்டினாள். சிறுநீருக்கென்று நினைத்து, “ஆயாம்மா வருவாங்க” என்றார்கள். தாதிமாரைச் சொல்லிக் குற்றமில்லை. ஊமை என்று எழுதிவைத்த பெண், கையை ஆட்டுகிறாள். ஒரு வார்டு நிறையக் கைகள் ஆடிக்கொண்டிருக்கின்றன.

“ஏனப்பா வாயைத் திறந்து சொல்லேல்லை?” என்று பிறகு கேட்டேன்.

“பிள்ளை வந்திடுவாள்தானே எண்டு கிடந்தன்.”

கட்டிலுக்குக் கீழே தரையில் சொட்டியதை லில்லிதான் முதலில் கண்டு கத்தியிருக்கிறார்.

கீழே கேட்டுக்குப் பக்கத்தில் நான் இருந்த இடத்துக்கு ஆயா ஒருத்தி மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

“அண்ணா! ஊமையம்மா வூட்டுக்காரு நீதானே? உன் சம்சாரத்துக்குப் பேச்சு வந்துட்ச்சிண்ணா! வார்டே அழுவுது. லில்லியக்கா வேண்டிகினாங்க இல்ல, மாதா கண்ணத் தொறந்துட்டா. இன்னாண்ணா நிக்கிற? போ, ஸ்வீட்டு வாங்கினு வா!”

சுற்றி இருந்த ஆண்கள் எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். ஒருவர் அழவே தொடங்கிவிட்டார். அவள் வாயைத் திறந்திருக்கிறாள் என்றால் அது எதற்காக இருக்கும் என்று அந்த இடத்தில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும்.

“என்ன சொன்னவ?”

“இன்னாவோ ராகமா சொன்னாங்க, மலையாளம் மாதிரி. ரத்தம் போவுது, சாவ வுடாதீங்கன்னு. டாக்டருங்க தள்ளிகினு போயிட்டாங்க. அத்த வுடு, பேச்சு வந்துட்ச்சி பாரு!”

கேட்டுக்காரர் இந்த முறை தடுக்கவில்லை. அவருக்கும் செய்தி எட்டியிருந்தது, சிரித்துக்கொண்டே வழி விட்டார்.

தியேட்டர் கதவுக்கு முன்னால் தள்ளுவண்டியைப் பிடித்தேன். வெள்ளைத் துணியைப்போல இருந்தாள். என்னைக் கண்டதும் உதடு அசைந்தது.

“நான் கதைச்சுப்போட்டன் அப்பா. பிள்ளை ஏசப்போறாள்.”

கதவு சாத்திக்கொண்டது.

6

உள்ளே ஓரிடத்தில் கட்டு நழுவி ரத்தம் கசிந்து சேர்ந்திருந்ததாம். மறுபடி திறந்து அடைத்தார்கள். வெளியே வந்த இளம் டாக்டர் சுவரில் சாய்ந்துகொண்டு, பிழைத்துவிட்டார் என்றார். பிறகு, “சிலோனா?” என்று கேட்டார்.

“ஓம்.”

“இத மறைக்கவா இவ்ளோ? இதே வார்டுல ஒடிசாக்காரங்க இருக்காங்க, நேபாளத்துக்காரங்க இருக்காங்க. அவங்க பேசறது எங்களுக்குப் பாதி புரியாது. ஆனா வலிச்சா கத்துறாங்க சார்.”

அவர் சொன்னது சரி. ஆனால் அவருடைய விசா எந்த மேசையிலும் கிடக்கவில்லை. தனியாரில் முதல் கேள்வியே நீ எந்த நாடு என்பதுதான். கடவுச்சீட்டும் காசும் சரியாக இருந்தால் கோப்பியும் கட்டிலும் கிடைக்கும். சம்மாட்டியார் தாராளமாக வரலாம், அவருக்கு அது திறம். அரசு ஆஸ்பத்திரியில் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் தயாரித்துக்கொண்டு போனவர்கள் நாங்கள். அதற்காக எங்களைக் கோழைகள் என்று சொல்கிறவர்கள், செல்லுபடியாகாத முத்திரையோடு ஒரு நாட்டில் ஒரு வருடம் இருந்து பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

பொலிஸ் வரவில்லை. ஒருவரும் வரவில்லை. அதுவும் எனக்கு ஒரு வகையில் ஆத்திரமாகத்தான் இருந்தது.

வார்டில் மெல்ல மெல்ல விஷயம் விளங்கிவிட்டது. டிலானியின் முன்னிலையில் லில்லி இவ்வளவுதான் சொன்னார்: “வடசேரியில இப்பிடிப் பேசமாட்டாவ, கேட்டியா மக்ளே. பரவால்ல. பேச்சுக்கு நேந்தேன், பேசியாச்சு. மெழுகுதிரி நான் ஏத்தத்தான் போறேன்.”

சில நாள் கழித்து, தனியாக வைத்திருந்த இடத்திலிருந்து றெஜினாவை வார்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். அன்று மகளுக்குக் கடைசிச் செய்முறைச் சோதனை. போக மாட்டேன் என்றவளை நான்தான் அனுப்பினேன். பின்னேரம் சீருடையோடு நேராக வந்தாள். பார்வையாளர் நேரம், நானும் கட்டிலருகே நின்றேன். தாதி குழாயில் மருந்து செலுத்திக்கொண்டிருந்தார். சுற்றியிருந்த கட்டில்களெல்லாம் எங்களையே பார்த்தன. ஊமையம்மா பேசுவதைக் கேட்க அவர்களுக்கு இன்னும் ஆசை இருந்தது.

றெஜினா மகளைக் கண்டதும் தலையைத் தூக்கப் பார்த்தாள். முடியவில்லை. ஆனால் குரல் வந்தது, வார்டின் அந்த மூலைவரைக்கும் கேட்கிற குரல்.

“பிள்ளை, சோதினை வடிவாச் செய்தனியே?”

லில்லி சிரித்தார். தாதியும் சிரித்தார். அங்கே அதை விளங்காதவர் ஒருவருமில்லை.

மகள் தாயைப் பார்க்கவில்லை. தாதியின் பக்கம் திரும்பி, பள்ளிக்கூடத் தமிழில், மெதுவாகச் சொன்னாள்:

“எக்ஸாம் நல்லா எழுதினியான்னு கேக்குறாங்க சிஸ்டர்.”